கம்பி, பூத், கோபுரம்

அன்புள்ள ஐயா,

பல நாடுகளின் அரசியலமைப்புச் சட்டங்கள் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே எழுதப்பட்டவை. செல்போன், டேட்டா என்ற பேச்சே அவற்றில் இல்லை. அதை வைத்துக்கொண்டு இன்றைய உரிமைகளை எப்படிக் காப்பாற்ற முடியும்? புதிதாக எழுதிவிட்டால் என்ன?

கே.

அன்புள்ள கே.,

எழுதலாம். பிரேசில் 2022இல் தரவுப் பாதுகாப்பை அடிப்படை உரிமையாகவே சேர்த்துவிட்டது. ஆனால் ஒரு எழுத்தும் மாறாமல் சட்டம் மாறுவதும் உண்டு.

அமெரிக்க அரசியலமைப்பின் நான்காம் திருத்தம் 1791இல் வந்தது. ஆள், வீடு, காகிதம், உடைமை இவற்றை முகாந்திரமில்லாமல் சோதிக்கக் கூடாது என்கிறது. மதுவிலக்குக் காலத்தில் ஓல்ம்ஸ்டெட் என்ற சாராயக் கடத்தல்காரரின் தொலைபேசிக் கம்பியை அதிகாரிகள் வெளியிலிருந்தே ஒட்டுக்கேட்டார்கள். வீட்டுக்குள் கால் வைத்தார்களா என்று பார்த்தது உச்ச நீதிமன்றம். வைக்கவில்லை, எனவே சோதனையே நடக்கவில்லை என்று 1928இல் தீர்ப்பு. இழுப்பறையைத் திறக்காமலே உள்ளிருக்கும் காகிதத்தை நீதிமன்றத்தில் காட்டும் வழி ஒருநாள் வரலாம் என்று மறுப்புத் தீர்ப்பில் எழுதினார், அதை ஏற்காத நீதிபதி பிராண்டைஸ். மனிதர் எவ்வளவு தூரம் பார்த்திருக்கிறார்!

1967இல் பந்தயக்காரர் காட்ஸ் வழக்கு. டெலிபோன் பூத்துக்கு வெளியே ஒட்டுக்கேட்கும் கருவி. சட்டம் காப்பது மனிதர்களை, இடங்களை அல்ல என்றது நீதிமன்றம். கால் வைத்தார்களா என்பது மட்டுமே கேள்வி என்ற நிலை அதோடு போயிற்று.

அப்புறம் 2018இல் கார்ப்பென்டர் வழக்கு. கொள்ளை வழக்கில் சிக்கிய அவருடைய போன் எந்தெந்த செல்போன் கோபுரத்தோடு தொடர்பில் இருந்தது என்ற 127 நாள் விவரத்தை, முறையான வாரன்ட் இல்லாமல் போன் நிறுவனத்திடமிருந்து அதிகாரிகள் வாங்கியிருந்தார்கள். நிறுவனத்திடம் நீங்களே கொடுத்த தகவல்தானே, அதில் என்ன அந்தரங்கம் என்பது அரசின் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. போன் இல்லாமல் இன்று வாழ முடியாது. சட்டைப்பையில் சும்மா கிடந்தாலும் அது தடயம் விட்டுக்கொண்டே இருக்கும். ஐந்துக்கு நான்கு என்று மயிரிழையில் வந்த தீர்ப்பு. நீதிபதிகளை மட்டும் நம்பியிருக்க எனக்குத் தயக்கம் வருவது இங்கேதான்.

மற்ற நாடுகளிலும் இதே போக்குதான். ஜெர்மனியில் 1983இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வழக்கு, மனித மாண்பிலிருந்து தன் தகவல் மீதான உரிமையை எடுத்துக்கொடுத்தது. இந்தியாவில் 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள்.

சரி, ஓட்டை எங்கே? அரசியலமைப்பு பெரும்பாலும் அரசைத்தான் கட்டுப்படுத்தும். உங்கள் நடமாட்டத்தைச் சேகரித்து விற்கும் கம்பெனியை அது நேரடியாகத் தொடாது. கார்ப்பென்டர் தீர்ப்புக்குப் பிறகும் அமெரிக்க அரசு அமைப்புகள் சில, அத்தகைய தரகர்களிடம் இருப்பிடத் தகவலைக் காசு கொடுத்தே வாங்கியிருக்கின்றன. கடையில் வாங்கும் பொருளுக்கு வாரன்ட் எதற்கு என்று கேட்கிறார்கள்.

புதிதாக எழுத வேண்டும் என்கிறீர்களே, என்னைக் கேட்டால் முதலில் இங்கேதான் எழுத வேண்டும். அதற்கு அரசியலமைப்பைத் தொட வேண்டியதில்லை, சாதாரணச் சட்டமே போதும். இந்த வியாபாரத்தைத் தடுக்கும் மசோதா 2024இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட்டைத் தாண்டவில்லை.