சேற்றில் டர்ட் பைக்கின் முன்சக்கரம் ஏன் புதைகிறது? எப்படி ஓட்டினால் தப்பலாம்?

டர்ட் பைக் என்பது மண்பாதைக்கென்றே செய்த, எடை குறைந்த, கட்டைக்கட்டையான பற்கள் கொண்ட டயர் போட்ட பைக். பற்களின் இடுக்கில் சேறு அடைத்துக்கொண்டால் டயர் வழவழப்பாகி, பிடிமானம் போய்விடும். சக்கரம் ஓரளவு வேகமாகச் சுற்றினால்தான் அந்தச் சேறு தெறித்து விழும்.

பயந்துபோய் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் எடை முன்னால் சாய்கிறது. முன்சக்கரம் இறங்கிவிடுகிறது. செங்கல் ஏற்றிய ஒற்றைச் சக்கர வண்டியைச் சேற்றில் தள்ளினால் புதையும், திருப்பி இழுத்தால் வந்துவிடும் அல்லவா, அதே கணக்குதான். அதனால் சேற்றுக்கு முன்பே இரண்டாவது அல்லது மூன்றாவது கியருக்கு வந்துவிடுங்கள். ஃபுட்பெக்கில் (கால் வைக்கும் கட்டையில்) எழுந்து நின்று, இடுப்பைச் சற்றுப் பின்னால் தள்ளி, முழங்கால்களால் டேங்க்கை இறுக்குங்கள். ஆக்சிலேட்டர் ஒரே சீராக இருக்கட்டும்; வேகத்தைக் கிளட்சால் சரிசெய்யலாம். முன்பிரேக்கைத் தொடவே வேண்டாம். கண் சக்கரத்தில் அல்ல, 10 மீட்டர் முன்னால்.

டியூப் டயரில் காற்று 12 பிஎஸ்ஐ அளவில் இருந்தால் போதும். இன்னும் குறைத்தால் கல்லில் மோதும்போது ரிம் அழுத்தி டியூப் ஓட்டையாகும். செயினையும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தளர்வாக வையுங்கள் (பலர் மறப்பது இதைத்தான்): பல்சக்கரத்தில் சேறு அப்பினால் செயின் தானாக இறுகும்.

சிக்கிக்கொண்டால் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் வெளியே வந்துவிடும் என்பது தவறு. பின்சக்கரம் குழிதான் தோண்டும், இறங்கி பைக்கைப் பக்கவாட்டில் சாய்த்துச் சக்கரத்தைக் குழியிலிருந்து விலக்குவதே வழி.