வீச்சு வலையில் பொத்தல் விழுந்தால்: கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கில் வேலை முடிந்ததும் பெர்னாம் ஆற்றங்கரைக்குத் தூண்டிலோடு கிளம்புகிறவர்கள் நிறைய பேர். சியாக்காப்புக்கு, அதாவது கொடுவா மீனுக்கு, உயிர் இறாலைவிட நல்ல இரை கிடையாது. அந்த இறாலையும் பொடி மடவையையும் பிடிக்க ஜாலா, அதாவது வீச்சு வலை, வேண்டும். பல வருடமாக என் வலையை நானே பின்னிக்கொள்கிறேன். அக்கம்பக்கத்தார் வலையும் என்னிடம்தான் வரும். கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணே, தோட்டத்துப் பாரிட்டில் (வாய்க்காலில்) வீசியபோது செம்பனை மட்டை முள்ளில் மாட்டி ஒரு சாண் கிழிந்துவிட்டது. ஓரங்களைச் சேர்த்து இழுத்துக் கட்டினேன். இப்போது வலை வட்டமாக விரியவில்லை.

இழுத்துக் கட்டியதுதான் காரணம், தம்பி. சுருங்கிய இடம் பக்கத்துக் கண்ணிகளையும் இழுக்கும், வலை ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். முதலில் அந்தக் கட்டை அவிழ்த்துவிடு.

இனி பொறுமையாகக் கேள். நல்ல வலையில் ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் நான்கு நூல் பிரியும், அவற்றைத்தான் கால் என்போம். கிழிசலின் உச்சியில் மூன்று கால் மிஞ்சியிருக்கும் ஒரு முடிச்சைத் தேடு. அங்கேதான் தொடங்க வேண்டும். கிழிசலின் அடியிலும் அதேபோல் ஒரு மூன்று கால் முடிச்சு வேண்டும், அங்கே முடிப்பாய். நடுவில் ஓரமாக இருக்கும் மற்ற எல்லா முடிச்சுகளிலும் இரண்டு கால் மட்டும் இருக்கும்படி சின்னக் கத்தரியால் வெட்டிச் சீராக்கு. ஓட்டை பெரிதாகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் இந்த வெட்டு சரியாக இல்லாமல் எவ்வளவு அழகாகப் பின்னினாலும் கடைசியில் ஒரு கண்ணி கூடும், இல்லாவிட்டால் குறையும்.

பிறகு வலை ஊசியில் நூலைச் சுற்றி, மேலிருந்து வரிசை வரிசையாக, இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று இறங்கி வா. ஊசியைக் கண்ணிக்குள் விட்டு, அதன் இரண்டு காலையும் பின்னால் சுற்றி, தன் நூலுக்கு அடியில் நுழைத்து இழுத்தால் முடிச்சு. தங்கூசி வலை, அதாவது ஒற்றை இழை நைலான் வலை, என்றால் ஒரு சுற்று போதாது, வழுக்கும். இரண்டு சுற்று சுற்றி, நனைத்து இறுக்கு. கண்ணி அளவுக்கு ஒரு பட்டையான மூங்கில் துண்டைச் சீவி வைத்துக்கொண்டால் எல்லாக் கண்ணியும் ஒன்றுபோல் வரும். நூல் பழைய நூலின் அதே தடிமன்தான். தடித்த நூல் போட்டால் அந்த இடம் மட்டும் விறைத்து நிற்கும்.

ஒரே ஒரு நூல்தான் அறுந்திருக்கிறது. அதற்கும் வெட்ட வேண்டுமா?

வேண்டாம். இரண்டு முனையும் மூன்று கால் முடிச்சுதான். நடுவில் ஒரு நூலைக் கட்டினால் தீர்ந்தது. ஆனால் அன்றைக்கே கட்டிவிடுங்கள். அடுத்த வீச்சில் அது கையளவு ஆகிவிடும்.

முள்ளில் மாட்டினால் கிழியாமல் எடுப்பது எப்படி, மாமா?

இழுக்கக் கூடாது. கயிற்றைத் தளர்த்திவிட்டு எதிர்ப்பக்கம் நடந்துபோய், வலை போன திசைக்கு நேர் எதிராக மெல்லத் தூக்கிப் பாருங்கள். வெட்டிய மட்டை விழுந்து கிடக்கும் பாரிட் என்று தெரிந்தால், முதலில் ஒரு கம்பால் துழாவிவிட்டு வீசுவது நல்லது.

புது வலை விறைப்பாக இருக்கிறது. ஊறவைத்தால் இளகும் என்கிறார்களே?

ஆமாம். ஒரு வாளித் தண்ணீரில் துணிக்குப் போடும் சாஃப்ட்னர் கொஞ்சம் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். குளோராக்ஸ் மாதிரி வெளுப்பான் வேண்டவே வேண்டாம், நூல் பலமிழந்துவிடும்.

அந்தக் காலத்துப் பருத்தி வலையை பாக்காவ் என்ற கண்டல் மரத்தின் பட்டைச் சாற்றில் தோய்ப்பார்கள், அழுகாமல் இருக்க. நைலான் அழுகாது. அதற்கு எதிரி வெயில். கழுவிய வலையை வேலிமேல் வெயிலில் போட்டுவிட்டுப் போவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஆற்றுமுகத்து உப்புத்தண்ணீரில் வீசியிருந்தால் நல்ல தண்ணீரில் அலசி, சேறு போனதும் வீட்டு நிழலில், உச்சியிலிருந்து தொங்கவிடுங்கள். ஈயக் குண்டு கோத்த விளிம்பை மேலே கட்டித் தொங்கவிடாதீர்கள். ஈரத்தோடு சாக்கில் திணித்தால் மீன்வாடைக்கு எலி வரும், அது கடித்த ஓட்டைகளைப் பின்னி மாளாது.

இறால் அடியால் தப்பிவிடுகிறது, அண்ணே. கண்ணி பெரிதோ?

கண்ணியைப் பார்ப்பதற்கு முன் ஈயத்தைப் பாருங்கள். நடுவில் இரண்டு மூன்று குண்டு கழன்றிருந்தால் அந்த இடம் தரையைத் தொடாது, கதவு திறந்த மாதிரிதான். விட்டுப்போன குண்டுக்கு அதே எடையில் போட்டு, நகராமல் இறுக்கிக் கட்டுங்கள். வலையின் ஆரத்தில் அடிக்கு ஒரு பவுண்டாவது ஈயம் இருக்க வேண்டும், ஆறடி வலைக்கு ஆறு பவுண்டு. சங்கிலி போட்ட ஜாலா என்றால் துரு பிடித்த வளையங்களை மாற்றுங்கள். துருவே நூலை அறுக்கும்.

ஐயா, என் மகளுக்குப் பத்து வயது, வீசக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள்.

கற்றுக்கொடும்மா, நல்ல வயதுதான். ஒன்று மட்டும்: நாங்கள் ஈயக்கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு வீசுவோம், அதைப் பார்த்து அவள் பழக வேண்டாம். ஈயம் விஷம், பிள்ளைகளுக்கு இன்னும் கெடுதல். தோளில் போட்டு வீசும் முறையைச் சொல்லிக்கொடு, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல். நான்கடி வலை போதும். தோட்டத்துப் பந்துத் திடலில் புல்மேல் ஒரு பழைய சைக்கிள் டயரைப் போட்டு, அதை மூடும்படி வீசட்டும். சிமெண்டுத் தரையில் வேண்டாம், வலை தேய்ந்துவிடும்.