விண்மீனை ஒட்டிச் சுற்றும் கோள்கள் எத்தனை காலம் தாங்கும்? – கேள்வி பதில்

கேள்வி: ஓதம் என்றால் கடல் ஏறி இறங்குவதுதானே? கடலே இல்லாத வாயுக் கோளில் அதற்கு என்ன வேலை?

கடல் நம் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் மட்டும்தான். தூரம் கூடக்கூட ஈர்ப்பு குறையும். அதனால் ஒரு கோளில் விண்மீனைப் பார்த்த பக்கம் சற்று அதிகமாகவும், மறுபக்கம் சற்றுக் குறைவாகவும் இழுபடுகிறது. இந்த வித்தியாசம்தான் ஓதவிசை. பாறையோ வாயுவோ, எதுவானாலும் அது இழுத்து நீட்டும். தூரம் பாதியானால் ஈர்ப்பு நான்கு மடங்காகும், ஓதவிசையோ எட்டு மடங்காகும். புதன் சூரியனிலிருந்து சராசரியாக 5.8 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது. வாஸ்ப்-12பி என்ற கோள் தன் விண்மீனிலிருந்து வெறும் 34 லட்சம் கிலோமீட்டரில் சுற்றுகிறது. அது முட்டை வடிவத்துக்கு நீண்டு கிடக்கிறது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். கோளும் விண்மீன் மீது ஒரு புடைப்பை எழுப்புகிறது. கோளின் தலையெழுத்து பெரும்பாலும் அந்தப் புடைப்பில்தான் இருக்கிறது.

கேள்வி: நிலா பூமியை விட்டு விலகிப் போகிறது என்று படித்தேன். இந்தக் கோள்கள் மட்டும் ஏன் உள்ளே போகின்றன? ஒரே விசைதானே?

ஒரே விசைதான். யார் வேகமாகச் சுற்றுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் மாறுகிறது. பூமி ஒரு நாளில் தன்னைத்தானே சுற்றிவிடுகிறது, நிலா பூமியைச் சுற்றிவர 27 நாளுக்கு மேல் ஆகிறது. அதனால் நிலா எழுப்பும் புடைப்பைப் பூமியின் சுழற்சி கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. முன்னால் நிற்கும் புடைப்பு நிலாவை முன்னோக்கி இழுக்கிறது. நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகுகிறது. அப்பல்லோ வீரர்கள் அங்கே வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்களில் லேசர் ஒளியைப் பட்டுத் திரும்பவைத்து இதை அளக்கிறார்கள்.

இப்போது செவ்வாயின் துணைக்கோள் போபோஸைப் பாருங்கள். அது 7 மணி 39 நிமிடத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது, செவ்வாய் தன்னைச் சுற்ற 24 மணி நேரத்துக்கு மேல் எடுக்கிறது. இங்கே புடைப்பு போபோஸுக்குப் பின்னால் தங்கிவிடுகிறது, அதைப் பின்னோக்கி இழுக்கிறது. அது ஆண்டுக்குச் சுமார் 1.8 சென்டிமீட்டர் செவ்வாயை நெருங்குகிறது. விண்மீனை ஒட்டிச் சுற்றும் வியாழன் போன்ற கோள்கள் போபோஸின் நிலையில் இருப்பவை. சூரியன் போன்ற ஒரு விண்மீன் தன்னைச் சுற்ற 25 நாள் வாக்கில் எடுக்கும், கோளோ ஒன்றிரண்டு நாளில் சுற்றி முடிக்கும். கோளின் கோண உந்தம், அதாவது சுற்றும் இயக்கத்தின் அளவு, கொஞ்சம் கொஞ்சமாக விண்மீனின் சுழற்சிக்குப் போய்ச் சேர்கிறது.

விண்மீன் வேகமெடுத்துக் கோளின் சுற்றுக்கு ஈடாகிவிட்டால் இந்த இழுபறி நின்றுவிடாதா என்று கேட்கலாம். நிற்கும், ஆனால் அதற்குக் கோளிடம் போதுமான கோண உந்தம் கையிருப்பு வேண்டும். இத்தகைய கோள்களில் பெரும்பாலானவற்றிடம் அது இல்லை. போதாததற்கு, விண்மீனிலிருந்து வெளியே வீசிக்கொண்டிருக்கும் துகள் காற்று அதன் சுழற்சியைத் தொடர்ந்து கரைத்துக்கொண்டே இருக்கிறது.

கேள்வி: இதெல்லாம் கணக்கு மட்டும்தானா, இல்லை யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா?

அளந்திருக்கிறார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த விஷயமே இதுதான். வாஸ்ப்-12பி சுமார் 26 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் விண்மீனுக்கு முன்னால் கடந்துபோகும்போது ஒளி மங்குகிறது, இதைத்தான் கடப்பு என்கிறோம். அந்தச் சுற்றுக்காலம் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 மில்லிவினாடி குறைகிறது. இவ்வளவு சின்ன மாற்றம் எப்படிப் பிடிபட்டது என்றால், அது ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்துகொண்டே போகிறது. பத்து ஆண்டில் 3300-க்கும் மேற்பட்ட சுற்றுகள். கூட்டிப் பார்த்தால், பழைய கணக்கின்படி வரவேண்டிய நேரத்துக்குச் சுமார் எட்டு நிமிடம் முன்னதாகவே கோள் வந்து நிற்கும்.

ஒரு சந்தேகமும் இருந்தது. நீள்வட்டப் பாதை மெல்லத் திரும்பினாலும் கடப்பு நேரம் இப்படித் தவறும். ஆனால் அப்போது, கோள் விண்மீனுக்குப் பின்னால் மறையும் நேரம் எதிர்த்திசையில் தவற வேண்டும். ஸ்பிட்சர் விண்தொலைநோக்கியின் அளவீடுகளையும் சேர்த்துப் பார்த்தபோது இரண்டுமே முன்னதாக வந்தன. 2020-இல் வெளியான ஆய்வோடு அந்தச் சந்தேகம் தீர்ந்தது. பாதை உண்மையாகவே சுருங்குகிறது. இதே வேகத்தில் போனால் அந்தக் கோளுக்கு இன்னும் சுமார் 30 லட்சம் ஆண்டுதான் மிச்சம்.

கேள்வி: அப்படியென்றால் வாஸ்ப்-18பி என்ற கோள் எப்படித் தப்பித்தது? வியாழனைவிட 10 மடங்கு நிறை, ஒரு சுற்றுக்கு ஒரு நாள்கூட இல்லை. அது முன்பே அழிந்திருக்க வேண்டாமா?

2009-இல் அது கண்டுபிடிக்கப்பட்டபோது ஆய்வாளர்களையே குழப்பிய கேள்வி இது. விடை விண்மீனுக்குள்ளே இருக்கிறது. புடைப்பு பின்தங்க வேண்டுமானால் விண்மீனுக்குள் ஓத ஆற்றல் வெப்பமாகக் கரைய வேண்டும். கரையவில்லை என்றால் புடைப்பு கோளுக்கு நேர்கீழே நிற்கும், பின்னோக்கி இழுக்காது. வாஸ்ப்-18 சூரியனைவிடச் சூடான விண்மீன், வாயு கொதித்து மேலும் கீழும் புரளும் அதன் வெளிப்புற அடுக்கு மெல்லியது. அங்கே ஆற்றல் மிக மெதுவாகத்தான் கரைகிறது. ஆகவே தூரத்தை மட்டும் வைத்து ஒரு கோளின் ஆயுளைச் சொல்லிவிட முடியாது. விண்மீன் முதுமையடைந்து வீங்கத் தொடங்கினால் நிலைமை மாறும். கெப்லர்-1658பி அப்படிப்பட்ட ஒன்று. அதன் சுற்றுக்காலம் 3.85 நாள், ஆனாலும் ஆண்டுக்கு 131 மில்லிவினாடி குறைகிறது.

கேள்வி: அக்கா, டிராப்பிஸ்ட்-1 விண்மீனின் ஏழு கோள்களும் மிக நெருக்கமாகத்தானே இருக்கின்றன? அவையும் விழுந்துவிடுமா?

கவலை வேண்டாம் தம்பி. சிறிய கோள் எழுப்பும் புடைப்பும் சிறியது. அங்கே கவனிக்க வேண்டியது கோள்களுக்குள் நடக்கும் ஓதம். அது கோளின் சுழற்சியைப் பூட்டி, ஒரே முகம் எப்போதும் விண்மீனைப் பார்க்கும்படி செய்துவிடும், பாதையையும் வட்டமாக்கப் பார்க்கும். ஆனால் அந்த ஏழும் ஒத்திசைவில், அதாவது சுற்றுக்காலங்கள் எளிய விகிதத்தில் பொருந்தும்படி, சுற்றுவதால் ஒன்றையொன்று உந்தி, பாதையில் சிறு நீள்வட்டத்தைத் தக்கவைக்கின்றன. அதனால் கோளின் உட்புறம் பிசையப்பட்டுச் சூடாகிறது. வியாழனின் துணைக்கோள் அயோவில் எரிமலைகள் பொங்குவதற்கும் இதே காரணம்தான். 1979-இல் வாயேஜர்-1 அங்கே போய்ப் பார்ப்பதற்குச் சற்று முன்பே இதைக் கணித்துச் சொல்லியிருந்தார்கள்.

கேள்வி: கடைசியில் கோள் முழுதாக விழுமா, இல்லை உடைந்து சிதறுமா?

அடர்த்தியைப் பொறுத்தது. ரோச் எல்லைக்குள் போனால் ஓதவிசை கோளின் சொந்த ஈர்ப்பை வென்றுவிடும். வாஸ்ப்-12பியின் மேல்வாயு இப்போதே கசிந்துகொண்டிருக்கிறது. அடர்ந்த பாறைக் கோள் இன்னும் உள்ளே போய்த் தாங்கும். கெப்லர்-78பி எட்டரை மணி நேரத்தில் சுற்றுகிறது, இன்னும் உடையவில்லை.

விழுவதையும் பார்த்துவிட்டோம் என்றே சொல்லலாம். 2020-இல் ஒரு விண்மீன் திடீரென ஒளிர்ந்தது. அது தன் கோளை விழுங்கியது என்று 2023-இல் அறிவித்தார்கள். விண்மீன் வீங்கி எட்டிப் பிடித்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். 2025-இல் ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கியின் தரவுகள் வேறு கதை சொன்னன. விண்மீன் வீங்கியிருக்கவில்லை. கோளின் பாதைதான் சுருங்கிச் சுருங்கி உள்ளே போயிருக்கிறது.

கேள்வி: என்னிடம் 8 அங்குலத் தொலைநோக்கியும் ஒரு கேமராவும் இருக்கின்றன. வாஸ்ப்-12பியைப் பார்க்க முடியுமா?

கோளைப் பார்க்க முடியாது, கடப்பை அளக்கலாம். விண்மீனின் ஒளி ஒன்றரை சதவீதம் அளவுக்கு மங்கும், கடப்பு சுமார் மூன்று மணி நேரம் நீடிக்கும். தொடங்குவதற்கு முன்பும் முடிந்த பின்பும் ஒரு மணி நேரமாவது சேர்த்துப் படமெடுங்கள். அப்புறம் முக்கியமான ஒன்று: கணினியின் கடிகாரம் சரியாக இருக்கட்டும். சில வினாடி பிசகினாலும் அந்த அளவீட்டின் மதிப்பு குறைந்துவிடும். கோள்களின் கடப்பு நேரங்களைத் திரட்டும் எக்ஸோகிளாக் திட்டத்தில் இத்தகைய ஆர்வலர் அளவீடுகளை ஏற்றுக்கொள்கிறார்கள். டிசம்பர், ஜனவரி இரவுகளில் அந்த விண்மீன் இருக்கும் ஆரிகா விண்மீன் மண்டலம் நன்றாக உயர்ந்து நிற்கும், அப்போது தொடங்குங்கள்.