38 விநாடிச் சுருள்

அன்புள்ள சார்,

பெங்களூரு அல்சூரில் நாங்கள் நான்கு தமிழ் நண்பர்கள் சனிக்கிழமைதோறும் உலக சினிமா பார்க்கிறோம். பிரெஞ்சுப் புதிய அலையில் தொடங்கி ருமேனியா வரை 120 படங்களுக்குப் பட்டியல் போட்டிருக்கிறோம். எந்த வரிசையில் பார்ப்பது சரி? மெதுவான படங்களை 1.5 வேகத்தில் ஓட்டலாமா? 'பிரெத்லெஸ்' பார்த்த வேகத்தில் செல்பேசியில் ஒரு குறும்படம் எடுத்தோம். அனுப்பியிருக்கிறேன். அதன் இயக்குநர் கோதார் மாதிரியே, காட்சியின் நடுவே வெட்டித் தாவும் ஜம்ப் கட் வைத்தோம். பார்த்தவர்கள் "ஃபைல் கரப்ட் ஆயிடுச்சா?" என்கிறார்கள். புதிய அலையின் தத்துவத்தை இன்னும் ஆழமாகப் படிக்க வேண்டுமோ?

ச., அல்சூர்

அன்புள்ள ச.,

1.5 வேகத்தில் பார்ப்பதற்குப் பார்க்காமலே இருந்துவிடலாம், நேரமாவது மிஞ்சும். வரிசைக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், வெளியான ஆண்டுப்படி போங்கள். நான் எழுத உட்கார்ந்தது உங்கள் குறும்படத்துக்காக. புதிய அலை என்கிற இந்தச் சினிமா இயக்கங்களைப் பற்றி நம்மவர்கள் எழுதும் கட்டுரைகளில் தத்துவம் வழிந்தோடும். ஃபிலிம் சுருளைப் பற்றியோ மைக்கைப் பற்றியோ ஒரு வரி இருக்காது. இந்த எரிச்சல் எனக்கு வெகுநாளாக உண்டு. அதற்குச் சரியான உதாரணத்தை நீங்களே அனுப்பிவைத்துவிட்டீர்கள்.

1959இல் பாரிஸில் 'பிரெத்லெஸ்' எடுக்கப்பட்டபோது ஒளிப்பதிவாளர் ரவுல் கூத்தாருக்கு இருந்த தலைவலி, இரவுத் தெருவில் என்ன வெளிச்சம் இருக்கிறதோ அதிலேயே எடுக்க வேண்டும் என்பது. அன்று சினிமாக்காரர்கள் கையாண்ட ஈஸ்ட்மன் ப்ளஸ்-எக்ஸ் நெகட்டிவின் வேகம், அதாவது வெளிச்சத்தை உணரும் திறன், 80 ஏஎஸ்ஏ. புகைப்படக்காரர்களிடம் இருந்த இல்ஃபோர்ட் ஹெச்பிஎஸ் ஃபிலிமின் வேகம் 400. அதை லேபில் கூடுதலாக டெவலப் செய்து 800 வரை இழுத்தார்கள். ப்ளஸ்-எக்ஸுக்குத் தேவைப்படுவதில் பத்தில் ஒரு பங்கு வெளிச்சம் போதும் என்றாகிவிட்டது. ஆனால் ஹெச்பிஎஸ் சினிமாவுக்கென்று விற்கப்படவில்லை. 17.5 மீட்டர் சுருளாகத்தான் கிடைக்கும். 35 எம்எம் ஃபிலிம் நிமிடத்துக்கு 27 மீட்டருக்குச் சற்று மேலாக ஓடும். கணக்குப் போடுங்கள், ஒரு சுருளுக்கு 38 விநாடி. அவற்றை ஒட்டி ஒட்டித்தான் பெரிய சுருளாக்கினார்கள். அடுத்த வம்பு ஓரத் துளைகளில். புகைப்பட ஃபிலிமில் துளையின் உயரம் 1.98 மி.மீ., சினிமா நெகட்டிவில் 1.85. கேமராவின் பல்லும் துளையும் ஒத்துப்போகாவிட்டால் திரையில் படம் ஆடும், அல்லது ஃபிலிமே கிழியும். எக்லேர் கேமிஃப்ளெக்ஸ் என்ற கேமராவில் ஒத்துப்போயிற்று. அதுவோ மாவு மெஷின் மாதிரி இரையும். பக்கத்தில் மைக் வைத்து வசனம் பதிவது நடக்காது. டப்பிங்தான் ஒரே வழி.

இனிமேல்தான் உங்கள் விஷயம். படம் நீளமாகிவிட்டது என்று காட்சிகளுக்குள்ளேயே கத்தரி வைத்தார்கள். திறந்த காரில் நாயகி ஜீன் சீபெர்கின் பின்தலை தெரியும் காட்சியை மறுபடி போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். திரையில் தெரு தாவுகிறது, வெயில் மாறுகிறது. நாயகன் பெல்மோந்தோவின் குரல் மட்டும் அவள் கழுத்தையும் குரலையும் வரிசையாகப் புகழ்ந்துகொண்டே போகிறது. கண் தடுக்கும்போதெல்லாம் காது பிடித்துக்கொள்கிறது. ஒலியைப் பிறகு சேர்த்ததால்தான் இது முடிந்தது.

உங்கள் சிவாஜிநகர் பஸ் நிலையக் காட்சியில் செல்பேசி மைக்கில் பதிந்த ஒலியைப் படத்தோடு சேர்த்தே நறுக்கியிருக்கிறீர்கள். ஹாரன் பாதியில் அறுகிறது, கண்டக்டரின் குரல் வாலில்லாமல் முடிகிறது. கரப்ட் என்று கேட்டவர்கள்மேல் தப்பே இல்லை. போதாக்குறைக்கு, யாராவது குறுக்கே நடந்தால் செல்பேசி தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிறது. ஒவ்வொரு வெட்டிலும் முகத்தின் நிறமே வேறு.

செய்ய வேண்டியது இது. எடுத்த அதே நேரத்தில் அதே இடத்துக்குப் போய், நால்வரும் வாயை மூடிக்கொண்டு, இரண்டு நிமிட ஆம்பியன்ஸ், அதாவது அந்த இடத்தின் சுற்றுப்புறச் சத்தம், பதியுங்கள். பதிவு மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டக் கூடாது. எடிட்டிங்கில் ஒலியைப் படத்திலிருந்து பிரித்துவிட்டு, இந்தப் பதிவைக் காட்சி முழுவதற்கும் அடியில் விரியுங்கள். வசனத்தின் வெட்டும் படத்தின் வெட்டும் ஒரே இடத்தில் விழக் கூடாது, எட்டுப் பத்து ஃபிரேமாவது தள்ளியிருக்கட்டும். ஒலி சேரும் இடங்களில் ஒன்று தேய மற்றது எழும்படி இரண்டு ஃபிரேம் கிராஸ்ஃபேட். படத்துக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50, வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்காதபடி ஐஎஸ்ஓவைப் பூட்டிவிடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 1/60 வைத்தால் டியூப்லைட் சிமிட்டும்.

மற்ற அலைகளிலும் இதே கண்ணோடு, இதே காதோடு பாருங்கள். 1961இல் ழான் ரூஷும் எட்கார் மொரேனும் வெளியிட்ட 'குரோனிக்கிள் ஆஃப் எ சம்மர்' ஆவணப் படத்தில் மார்சலின் என்ற பெண் நாக்ரா ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு, தனக்குத்தானே பேசியபடி பாரிஸில் நடக்கிறாள். கேமரா விலகி விலகிப் போகிறது, குரல் காதோரத்திலேயே இருக்கிறது. 1963இல் பிரேசிலின் 'விதாஸ் செகாஸ்' படத்தில் லென்ஸுக்கு ஃபில்டரே போடாமல் வறண்ட நிலத்தின் வெயிலைக் கண் கூசும்படி விட்டார்கள். 1995இல் டென்மார்க்கின் டாக்மா என்ற இயக்குநர் குழு எடுத்த உறுதிமொழியில் இரண்டாம் விதியே ஒலியைப் படத்திலிருந்து பிரித்து உருவாக்கக் கூடாது என்பதுதான். நீங்கள் பதிந்தது டாக்மா முறையில், வெட்டியது கோதார் முறையில். இரண்டும் கட்டிப் புரண்டு சண்டை போடுகின்றன.

கடைசியாக ஒரு திட்டு. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு 120 படத்துக்குப் பட்டியல் போட்டிருக்கிறீர்கள், புதிய அலை என்றால் பிரான்சில் தொடங்கி ருமேனியாவில் முடிகிறதா? 1969இல் அரசின் ஃபிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் கொடுத்த சிறிய பணத்தில் மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்', மணி கவுலின் 'உஸ்கி ரோட்டி' இரண்டையும் ஒளிப்பதிவு செய்தவர் கே.கே. மகாஜன் ஒருவரே. ஒன்றில் கேமரா துள்ளுகிறது, மற்றதில் அசையவே யோசிக்கிறது. அடுத்த ஆண்டு கன்னடத்தில் 'சம்ஸ்கார'. மலைநாட்டில் அதைப் படமெடுத்தவர் டாம் கோவன் என்ற ஆஸ்திரேலியர். 1971இல் தொடங்கிய சுசித்ரா ஃபிலிம் சொசைட்டி உங்கள் ஊரில் பனசங்கரியில்தான் இருக்கிறது. அல்சூரிலிருந்து மெட்ரோவிலேயே போகலாம். கன்னடம் புரியாது என்று சாக்குச் சொல்லாதீர்கள், பிரெஞ்சு மட்டும் புரிந்தா பார்த்தீர்கள்?

உங்கள் படத்தில் பூக்காரம்மா பாக்கிச் சில்லறையை எண்ணும் ஷாட்டை மட்டும் வெட்டாமல் விட்டிருக்கிறீர்கள். அங்கே பஸ் சத்தமும் முழுசாக இருக்கிறது. உங்கள் நால்வரில் யாரோ ஒருவருக்குக் காது இருக்கிறது. எடிட்டிங்கை அவரிடம் ஒப்படையுங்கள். திருத்தியதை அனுப்புங்கள். குறையை மறைக்கப் பின்னணி இசை போட்டிருந்தால் மட்டும் அனுப்பாதீர்கள்.