கதவில் ஒட்டலாமா?

கேள்வி: எங்கள் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் பார்வையற்ற தம்பி ஒருவர் சேர்கிறார். பிரெய்ல் பெயர்ப்பலகையைக் கதவிலேயே ஒட்டலாமா?
– வாசகி, குன்னூர்

பதில்: கதவு வேண்டாம் அம்மா. நானும் விரலால் படிப்பவன். ஒருமுறை படித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து யாரோ கதவைத் திறக்க, மூக்கு வீங்கியது. கைப்பிடிப் பக்கத்துச் சுவரில், தரையிலிருந்து நாலு, ஐந்து அடி உயரத்துக்குள் வையுங்கள். எல்லா அறைக்கும் ஒரே உயரம். இல்லாவிட்டால் சுவர் முழுக்கத் தடவ வேண்டும்.

உலோகத் தகடும் வேண்டாம். நம் ஊர் டிசம்பர் காலையில் விரல் மரத்துப்போய், பிரெய்ல் எழுத்தின் ஆறு புள்ளியும் ஒன்றாகத்தான் தெரியும். அப்புறம், புள்ளிகள் மேடாக இருக்கின்றனவா என்று தொட்டுப் பாருங்கள். ஊட்டியில் ஓர் அலுவலகத்தில் பிரெய்லைப் படமாக அச்சடித்து, வழவழவென்று லேமினேட் செய்திருந்தார்கள்!

மேலாளர் செலவென்று முணுமுணுத்தால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் காட்டுங்கள். பலகையில் பிரெய்ல் தமிழிலா, ஆங்கிலத்திலா என்பதைத் தம்பியிடமே கேட்டுவிடுங்கள்.