கன்று போட்ட மாடு ஏன் முட்ட வருகிறது? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

அயனாவரத்தில் முப்பது வருடமாக மாடு வைத்திருக்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் நான்குக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

வேளச்சேரியிலிருந்து: அக்கா, தினமும் என் கையால் வாழைப்பழத் தோல் தின்னும் தெரு மாடு, கன்று போட்டதிலிருந்து என்னையும் என் நாயையும் பார்த்தால் துரத்துகிறது. வெறி பிடித்துவிட்டதா?

வெறி இல்லைம்மா, பயம். அதன் கண்ணுக்கு உங்கள் நாய் கன்றைக் கடிக்க வந்த மிருகம், நீங்கள் அதைக் கூட்டிக்கொண்டு வந்தவர். முட்டுவதற்கு முன்னால் மாடு சொல்லிவிட்டுத்தான் முட்டும்: தலையைத் தாழ்த்தும், புஸ்ஸென்று மூச்சு விடும், முன்காலால் மண்ணைக் கீறும், சில மாடு உடம்பு முழுக்கத் தெரிகிற மாதிரி குறுக்காகத் திரும்பி நிற்கும். அப்போது ஓடாதீர்கள். முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்னால் நகர்ந்து ஒரு கார் பின்னாலோ கேட்டுக்குள்ளோ போய்விடுங்கள். துரத்தியே விட்டால் நாயின் சங்கிலியை விட்டுவிடுங்கள், அது ஓடித் தப்பித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் விட முக்கியம், தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் போகவே கூடாது. வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

மேடவாக்கத்திலிருந்து: காலி மனையில் புதருக்குள் ஒரு கன்று தனியாகப் படுத்திருக்கிறது, தாயைக் காணோம். வீட்டுக்குத் தூக்கி வரலாமா?

வேண்டாம். முதல் சில நாள் கன்றை மறைவில் படுக்க வைத்துவிட்டு மேயப் போவது மாட்டின் சுபாவம், மடி கனத்ததும் திரும்பி வந்துவிடும். தள்ளி நின்று பாருங்கள். பொழுது சாய்ந்தும் வரவில்லை, அல்லது கன்றின் தொப்புளில் ஈ மொய்க்கிறது என்றால் 1962க்கு அழையுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

ஆவடியிலிருந்து: தலைச்சன் ஈத்து. கன்று மடியில் வாய் வைத்தாலே உதைக்கிறது அக்கா.

மடி வீங்கி வலிக்கும், அதற்கு எல்லாமே புதுசு. கன்றின் முதுகில் கொஞ்சம் தவிடும் உப்பும் தடவி மாட்டின் முகத்துக்கு நேராக விடுங்கள். நக்க ஆரம்பித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, நக்கி நக்கித்தான் அந்த வாசனையைத் தன் கன்று என்று பிடித்துக்கொள்ளும். ஆனால் அதுவரை சீம்பாலுக்குக் காத்திருக்காதீர்கள். கறந்தாவது முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ஊட்டிவிடுங்கள், 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், இரண்டு மூன்று தடவையாக. ஒரு நாள் தாண்டினால் சீம்பாலில் இருக்கிற எதிர்ப்புச் சக்தியைக் கன்றின் குடல் உறிஞ்சாது.

திருவொற்றியூரிலிருந்து: கன்று இறந்துவிட்டது. மாடு பாலை இறக்க மாட்டேன் என்கிறது, செத்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்து வைக்கோல் கன்று செய்யலாமா?

எனக்கு மனசு ஒப்பாது. எங்கள் செவலையின் கன்று செத்தபோது, அதைக் கட்டியிருந்த கயிற்றை மூன்று நாள் நக்கிக்கொண்டே இருந்தது, தீவனத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அந்தக் கயிற்றை அவிழ்க்காமல் விட்டுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தைத் தடவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மடியைக் கழுவி, தினமும் அதே நேரத்தில் நானே கறந்தேன். நாட்டு மாட்டுக்குக் கன்று இல்லாமல் பால் சுரப்பது கஷ்டம், கலப்பின மாடு சீக்கிரம் பழகிவிடும். பயமுறுத்தினாலோ அடித்தாலோ சுரக்கிற பாலும் நின்றுவிடும். சுரப்புக்கு ஊசி போடலாம் என்று பக்கத்தில் யாராவது சொல்வார்கள், மருத்துவர் சொல்லாமல் போடாதீர்கள். செவலை நான்காவது நாள் சாயங்காலம் அரை லிட்டர் இறக்கியது.