முதலில் மானிட்டரைச் சொல்லுங்கள்: கிராஃபிக்ஸ் கார்டு கேள்வி பதில்

பெரிய கார்டுக்கு மாற நினைக்கிறவர்கள் கேட்டவற்றில் சிலவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். கார்டு பெயரை மட்டும் எழுதி "வாங்கலாமா?" என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். மானிட்டர், ப்ராசஸர், எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை) மூன்றும் தெரியாமல் நான் வாயைத் திறப்பதில்லை.

அண்ணா, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் வைத்திருக்கிறேன். ப்ராசஸர் ரைசன் 5 3600, மானிட்டர் 1080பி, 75 ஹெர்ட்ஸ். காசு சேர்த்துவிட்டேன். நேராக ஆர்டிஎக்ஸ் 5090 எடுத்துவிடலாமா?

எடுக்கலாம் தம்பி, ஆனால் எடுத்ததை உங்கள் கண்ணால் பார்க்க முடியாது. கார்டு நொடிக்கு 200 ஃபிரேம் தள்ளினாலும் அந்த மானிட்டர் 75 தடவைதான் படத்தை மாற்றும். 1080பி திரையில் இருப்பது சுமார் 20 லட்சம் பிக்சல், 4கே திரையில் சுமார் 83 லட்சம். 5090 அந்த 83 லட்சத்துக்காகச் செய்த கார்டு. 1080பியில் போட்டால், ப்ராசஸர் அடுத்த ஃபிரேமுக்கான வேலையை முடித்துத் தரும்வரை கார்டு கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். நீங்கள் வழக்கமாக ஆடும் கேமில் எஃப்பிஎஸ்ஸை, அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை, குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ரெசல்யூஷனை 720பிக்கு இறக்கி அதே இடத்தில் ஓடுங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் இதுவரை இழுத்துப் பிடித்தது கார்டு. ஏறவே இல்லையென்றால் ப்ராசஸர்.

நானாக இருந்தால் அதே காசில் 1440பி, 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்று, ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி அல்லது ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ ஒன்று வாங்குவேன். இரண்டு கார்டிலும் 16 ஜிபி மெமரி. உங்கள் மதர்போர்டு ஏஎம்4 சாக்கெட் வகை என்பதால் அதன் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்துவிட்டு 5700எக்ஸ்3டி மாதிரி ஒரு ப்ராசஸரை அப்படியே மாற்றலாம், கிடைத்தால். போர்டையும் ரேமையும் தொட வேண்டாம். மிச்சக் காசு பத்திரமாக இருக்கட்டும்.

650 வாட் எஸ்எம்பிஎஸ் இருக்கிறது, ஆறு வருடப் பழசு. ஆர்டிஎக்ஸ் 5080க்குத் தாங்குமா? கடைக்காரர் "ஓடும் சார்" என்கிறார்.

ஓடும், ஒரு பெரிய வெடிகுண்டுக் காட்சி வரும்வரை. 5080 இழுப்பது 360 வாட். கார்டைச் செய்யும் என்விடியா பரிந்துரைப்பது 850 வாட் சப்ளை. காரணம், கார்டு சீராக 360 இழுப்பதில்லை. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அதைத் தாண்டிக் குதித்து இறங்கும். அந்தக் குதிப்பில் பழைய சப்ளை பயந்து அணைந்துவிடும். கேம் நடுவே கம்ப்யூட்டர் பொசுக்கென்று போகிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் சந்தேகப்படுவது சப்ளையைத்தான்.

சப்ளையின் 8 பின் கேபிள்களைக் கார்டின் 16 பின் பிளக்கோடு இணைக்கும் அடாப்டர் போடுவதாக இருந்தால் ஒவ்வொரு 8 பின்னுக்கும் சப்ளையிலிருந்து தனிக் கேபிள் இழுங்கள். 8 பின் ஒன்றுக்குக் கணக்கு 150 வாட். ஒரே கேபிளில் இரண்டு தலை தொங்குகிறதே என்று இரண்டையும் செருகக் கூடாது. யூபிஎஸ்ஸையும் பாருங்கள்: வீடுகளில் இருக்கும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும்.

16 பின் பிளக் உருகுகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 2022 கடைசியில் என்விடியாவின் முந்தைய பெரிய கார்டான 4090 வந்த சில வாரங்களிலேயே படங்கள் வர ஆரம்பித்தன. பிறகு 12வி-2x6 என்று திருத்திய வடிவம் வந்தது. அதில் சென்ஸ் பின்களைக் குட்டையாக்கினார்கள், பிளக் சரியாக உட்காரவில்லையென்றால் கார்டு மின்சாரம் இழுக்கக் கூடாது என்பதற்காக. ஆனாலும் 2025இல் 5090க்கும் புகார்கள் வந்தன. பிளக்கின் வரம்பு 600 வாட், கார்டு இழுப்பது 575. மூச்சுவிட இடமில்லை.

என் கார்டிலேயே நடந்தது ஒன்று. மாட்டும்போது 'டிக்' என்று சத்தம் கேட்டதாக நினைத்து மூடிவிட்டேன். இரண்டு வாரம் கழித்துத் தூசி தட்டும்போது போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால், பிளக்கின் இடது பக்கம் ஒட்டி உட்கார்ந்திருக்கிறது, வலது பக்கம் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. கேபினெட் கண்ணாடி கேபிளை அழுத்தி ஒரு பக்கமாகத் தூக்கியிருக்கிறது. நல்லவேளை, கருகவில்லை. அன்றிலிருந்து, பிளக்கிலிருந்து மூன்றரை சென்டிமீட்டராவது நேராக வந்த பிறகுதான் கேபிளை வளைக்கிறேன்.

பழைய 3080 ஒன்று மலிவாக வருகிறது. மைனிங்கில் ஓடியது என்று சந்தேகம்.

மைனிங் என்பது கிரிப்டோ காசு சம்பாதிக்கக் கார்டுகளை இரவு பகலாக ஓட்டுவது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ அந்த முறையையே கைவிட்டது. அதன்பின் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்த கார்டுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மைனிங் கார்டு என்றாலே குப்பை என்று சொல்லமாட்டேன், சிப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தேய்வது ஃபேனும், சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடும். நேரில் போய் அரைமணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஃபேனில் கரகரப்பு வந்தால், திரையில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள். "எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை, அங்கே போய்ப் போட்டுப் பாருங்கள்" என்றால் உட்காரவே வேண்டாம்.

5070 வாங்கினால் 4090க்குச் சமம் என்று மேடையிலேயே சொன்னார்களே?

2025 ஜனவரியில் என்விடியா சொன்னது, நானும் கேட்டேன். வரைந்த ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இடையில் மூன்று ஃபிரேம் வரை ஏஐ இட்டு நிரப்புவதையும் சேர்த்துச் சொன்ன கணக்கு அது. கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் உண்மையில் 30 ஃபிரேம் வரும் கேமை 120 ஆக்கினாலும், மவுஸைத் திருப்பும் கை உணர்வது அந்த 30ஐத்தான். அடிப்படையில் 60 வரட்டும், அப்புறம் போட்டுக்கொள்ளுங்கள். தவிர, 5070இல் மெமரி 12 ஜிபி, 4090இல் 24.

மகன் 5070 டிஐ கேட்கிறான். கரண்ட் பில் எகிறிவிடுமா தம்பி? நாங்கள் மதுரை.

கார்டு 300 வாட், மற்றதெல்லாம் சேர்த்து 450 என்று வையுங்கள் அக்கா. தினம் மூன்று மணி நேரம் ஆடினால் இரண்டு மாத பில்லில் 80 யூனிட் சொச்சம். இப்போது 450 யூனிட்டில் நிற்கிற வீடு என்றால் 500ஐத் தாண்டிவிடும், தாண்டினால் கீழ் அடுக்கு யூனிட்டுகளுக்கும் விலை கூடும், அதைக் கவனியுங்கள். அந்த 450 வாட்டும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் வரும், மே மாதத்தில் ஏசி அதையும் சேர்த்துத் தள்ள வேண்டும். கார்டின் பவர் லிமிட்டை (இழுக்கும் மின்சாரத்தின் வரம்பு) 80 சதவீதத்தில் வைக்கச் சொல்லுங்கள். எஃப்பிஎஸ் கொஞ்சம்தான் குறையும். பையன் கண்டுபிடிக்க மாட்டான்.

கார்டு 34 சென்டிமீட்டர், கேபினெட்டில் இடம் 33. ஏதாவது வழி?

முன் ஃபேனைக் கழற்றினால் இரண்டரை சென்டிமீட்டர் கிடைக்கும். ஆனால் காற்று போய்விடும். கேபினெட்டை மாற்றுங்கள்.

சார், புது 9070 எக்ஸ்டி போட்டு இரண்டு நாள் ஆகிறது. பழைய டிரைவரை டிடியு என்ற மென்பொருள் வைத்துச் சுத்தமாக நீக்கினேன், புது டிரைவர் போட்டேன், விண்டோஸையே மறுபடி ஏற்றினேன். 20 எஃப்பிஎஸ்தான் வருகிறது. கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடவா?

திருப்பிக் கொடுக்கும் முன் ஒன்று சொல்லுங்கள். மானிட்டர் கேபிளை எங்கே செருகியிருக்கிறீர்கள்?

பின்னாடி, கீபோர்டு கேபிளுக்குப் பக்கத்தில்.

அது மதர்போர்டு சார். இன்னும் கொஞ்சம் கீழே வாருங்கள்.